கோழி எருவும் கரித்தூளும்

ஓய்வு பெற்ற கையோடு, ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கரில் நாற்பது மாங்கன்று வைத்தேன். கோழி எருவில் சத்து அதிகம் என்று யாரோ சொல்ல, லாரியில் வந்ததை வாங்கிப் பச்சையாகவே தூரில் கொட்டினேன். பத்து நாளில் இலை ஓரமெல்லாம் கருகியது. பதினொரு கன்று போச்சு.

நம் பக்கத்துக் கரிசல்காட்டில் அந்தக் காலத்தில் எரு என்றால் ஆட்டுக்கிடைதான். அறுப்பு முடிந்த நிலத்தில் இரவு ஆடுகளை அடைப்பார்கள். கீதாரிக்குத் தானியம் அளப்பார்கள். கி.ரா. 'கிடை' என்றே ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறார். ஆட்டுப் புழுக்கை மண்ணைச் சுடாது. கோழி எச்சம் அப்படியல்ல. கோழிக்குச் சிறுநீர் தனியாகக் கிடையாது. தழைச்சத்தெல்லாம் யூரிக் அமிலமாக எச்சத்தோடு சேர்ந்தே வருகிறது. அது சிதைந்தால் அம்மோனியா. வேரைச் சுடுவதும் அதுதான், கண்ணைக் கரிக்க வைப்பதும் அதுதான். நாற்றம் காற்றில் போகப் போக, நாம் காசு கொடுத்து வாங்கிய உரமும் போகிறது.

ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற வெள்ளைக்கார விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, நம் விவசாயிகளிடமும் கற்றுக்கொண்டு, மக்கு உரத்துக்கு ஒரு முறை வகுத்தார். சருகு, சாணம், கொஞ்சம் சாம்பல் என்று அடுக்குவது. நானும் அதை நம்பிக் கோழி எருவில் சாம்பலைத் தூவினேன். நாற்றம் கூடித்தான் போனது. சாம்பல் காரம், அம்மோனியாவை விரட்டிவிடும். கரியோ அதைத் தன் நுண்துளைகளில் பிடித்து வைக்கும். இரண்டும் ஒரே அடுப்பில் பிறந்தவை என்றாலும் குணம் வேறு.

இது புதுச் சங்கதியும் அல்ல. அமேசான் காட்டுப் பழங்குடிகள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கரி, எலும்பு, வீட்டுக் குப்பை எல்லாம் சேர்ந்த கறுப்பு மண்ணை உண்டாக்கி வைத்திருந்தார்கள். அது இன்றும் விளைகிறது. 2010-இல் அமெரிக்காவில் கோழி எருவோடு ஐந்தில் ஒரு பங்கு கரி கலந்து மக்க வைத்துப் பார்த்தார்கள். தழைச்சத்து இழப்பு பாதி வரை குறைந்தது.

நம் மாவட்டத்தில் கரிக்குப் பஞ்சமா? சீமைக் கருவேலம் இருக்கிறதே. காமராஜர் காலத்தில் வந்தது என்பார்கள். உண்மையில் 1870-களிலேயே சென்னை மாகாணத்துக்குள் வந்துவிட்ட விதை அது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே ஒரு கரி மூட்டத்துக்குப் போனேன். சல்லடையில் விழும் தூளை ஓரமாகக் குவித்திருந்தார்கள். "இத வச்சு என்ன செய்யப் போறீங்க அண்ணாச்சி?" என்று சிரித்துக்கொண்டே மலிவாக அள்ளிக் கொடுத்தார் அந்தத் தம்பி.

கோழி எருவோடு ஐந்தில் ஒரு பங்கு தூளும், நிறையக் காய்ந்த சருகும் தென்னை மஞ்சியும் கலந்தேன். சருகை விட்டுவிடக் கூடாது. கரி நுண்ணுயிருக்கு இரையாகாது. பிழிந்தால் கை நனையும் அளவு ஈரம். குவியல் கை வைக்க முடியாதபடி சூடேறியது. வாரம் ஒருமுறை புரட்டினேன். மூன்று மாதத்தில் மழை பெய்த மண் போல வாசம்.

பதினொரு குழியிலும் மறுபடி கன்று வைத்தாயிற்று. எல்லாம் தளிர் விட்டிருக்கின்றன. மூட்டத்துத் தம்பிதான் இப்போது தூளுக்கு விலையை ஏற்றிவிட்டார்.