முதலைத் தொடாத பாண்டியர் கணக்கு

சேமிப்பிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு எடுத்தால் பணம் தீராது? 1994இல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன், 30 ஆண்டு ஓய்வுக்காலத்துக்கு முதலாண்டில் சுமார் 4 சதவீதம் எடுத்து, பிறகு அத்தொகையை விலைவாசிக்கேற்ப உயர்த்தலாம் என்றார். மதுரையை ஆண்ட பாண்டியர் 9ஆம் நூற்றாண்டிலேயே இதைவிடக் கடினமான கணக்கைப் போட்டார்கள். அவர்களுடைய அறக்கட்டளைக்கு முடிவாண்டே கிடையாது. அம்பாசமுத்திரக் கல்வெட்டில் வரகுண பாண்டியன் இளங்கோக்குடிச் சபையிடம் 290 காசு ஒப்படைக்கிறான். முதல் கெடாமல், காசுக்கு ஆண்டுக்கு 2 கலம் வீதம் 580 கலம் நெல் பொலிசையாக, அதாவது வட்டியாக, கோயிலுக்கு அளக்க வேண்டும். பொலிசை நெல்லாக வந்ததால், நெல் விலை ஏறினாலும் நைவேத்தியம் குறையாது. திருச்செந்தூருக்குக் கொடுத்த 1,400 காசையோ ஒரே ஊரில் வைக்காமல் பல ஊர்ச் சபைகளிடம் பிரித்தார்கள். ஓரூர் பொய்த்தாலும் மற்றவை தாங்கும்.

கோயிலுக்குச் சாவில்லை, மனிதருக்கு உண்டு. முதலை ஏன் மிச்சம் வைக்க வேண்டும் என்று கேட்கலாம். அறுபதில் ஓய்வு பெறுபவருக்கு அது நியாயமான கேள்வி. நாற்பதில் வேலையை விடுபவருக்கோ இன்னும் ஐம்பது ஆண்டுகள் மீதமிருக்கலாம். பெங்கனின் 30 ஆண்டுக் கணக்கு அவருக்குப் போதாது, கோயில் கணக்கே நெருக்கமானது. அந்தச் சபைகளே பின்னாளில் மறைந்துவிட்டனவே என்பது வலுவான மறுப்பு. ஆனால் அது கணக்கின் பிழையல்ல, பணத்தை வைத்திருந்த அமைப்பின் முடிவு. எடுக்கும் விகிதத்தைப் போலவே, பணம் யாரிடம் இருக்கிறது என்பதையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.