உழுதவன் வீட்டு மண்

தாம்பரம் இரயில் நிலையத்திலிருந்து கிழக்கே செல்வோருக்குச் சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஏரி உண்டு. இன்று அடுக்குமாடிகள் நிற்கும் இடங்களில் பல, முன்னொரு நாள் அந்த ஏரிகளின் மதகு நீரில் சம்பாவும் நவரையும் விளைந்த கழனிகள். அந்தக் கழனிகளில் உழைத்த குடும்பங்களின் வரலாற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் நிலத்தின் உரிமை மிராசுதாரர் கையில் இருந்தது. உழுதவனோ படியாள். அவன் ஏர் பிடித்தான். மனைவி நாற்று நட்டாள். மகன் ஆண்டையின் மாடுகளை மேய்த்தான். கூலி தானியமாக அளக்கப்பட்டது. திருமணத்திற்கென வாங்கிய சிறு கடன், தந்தை இறந்த பின் மகனின் தலையில் ஏறியது. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்ற ஆதரவில்லை என்றது. ஆனால் கடன் என்னும் கயிறு அறுபடவில்லை.

அதனினும் வலிய கயிறு ஒன்றும் இருந்தது. அது அவன் குடியிருந்த மனை. சேரியின் மண்ணும் தமதே என்றனர் நிலவுடைமையாளர். வேறிடத்தில் வேலை தேடினால் குடிசையைக் காலி செய்ய வேண்டும். தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தாலோ, அதைப் பெறும் முன்னுரிமையும் மிராசுதாரருக்கே இருந்தது. நிலமில்லாதவன் நிலம் பெறும் வாயில் இவ்வாறு அடைபட்டுக் கிடந்தது.

ஆதாம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற சீர்திருத்தத் திருச்சபை மறைப்பணியாளர்கள் இந்நிலையை அரசுக்கு எடுத்துரைத்தனர். மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கீர் 1891இல் விரிவான அறிக்கை அளித்தார். குடியிருப்பு மனைக்குப் பாதுகாப்பு, பயிரிட நிலம், பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவை அவர் வலியுறுத்தியவை. 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை பிறந்தது. அதன் வழியே ஒதுக்கப்பட்ட நிலங்களே பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுவதிலும் அவை ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. பிறருக்கு விற்கலாகாது என்னும் நிபந்தனையும் விதிக்கப்பட்டது.

ஆயினும் நடந்தது என்ன? வறுமையும் கடனும் ஏய்ப்பும் சேர்ந்து அந்நிலங்களில் பெரும்பகுதியைக் கைமாறச் செய்தன. நகரம் விரிய விரிய, மண்ணின் விலை ஏற ஏற, மீட்பதும் அரிதாயிற்று. மாமல்லபுரத்திற்கு அருகே காரணை என்னும் சிற்றூரில் தம் பஞ்சமி நிலத்தை மக்கள் திரும்பக் கேட்டனர். அதனையொட்டி 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியாயினர். ஆணை பிறந்து நூற்றிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் உழுதவன் கேட்டது அதே மண்ணைத்தான்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை மறைநூலில் வாசிக்கும்போது நாம் ஆகாபு அரசன்மீது சினம் கொள்கிறோம். அது தக்கதே. ஆனால் வீட்டு மனை வாங்கும் நாளில் பத்திரத்தின் பரப்பளவைப் பார்க்கும் நம் கண்கள், அந்த மண்ணின் பழைய பதிவையும் ஒருமுறை பார்க்கின்றனவா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டே நாம் வாயிற்படியைத் தாண்டுவது நன்று.