கடிகாரத்தை வைத்து எழுதியவர்

எழுத வேண்டுமென்ற ஆசையுடன் என்னைப் பார்க்க வரும் இளைஞர்கள், "உங்களுக்கு எந்த நேரத்தில் ஸார் கற்பனை ஓடும்?" என்று கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் அந்தோனி டிராலப்பின் கதையைச் சொல்லுவேன்.

டிராலப் பிரிட்டிஷ் தபால் இலாகா உத்தியோகஸ்தர். 1847-இல் வெளியான அவருடைய முதல் நாவலைச் சீந்துவாரில்லை. அடுத்த இரண்டுக்கும் அதே கதிதான். நான்காவதான 'தி வார்டன்' 1855-இல் வந்தது. அந்த வருஷக் கடைசியில் கைக்கு வந்த பணம் 9 பவுன், 8 ஷில்லிங், 8 பென்ஸ்! வேறொருவராயிருந்தால் பேனாவைத் தூர எறிந்திருப்பார். இவரோ எழுத்தையும் விடவில்லை. 1867 வரை உத்தியோகத்தையும் விடவில்லை. 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலில் பெரும் பகுதி, உத்தியோக நிமித்தம் ரயிலில் போகும்போது பென்சிலால் எழுதியது. மனைவி பிரதி எடுத்துக் கொடுத்தார்.

வீட்டிலிருந்தால் விடியற்காலை 5.30 மணிக்கு மேஜை முன் உட்கார்ந்து விடுவார். முதல் அரைமணி, முன்தினம் எழுதியதைப் படித்துப் பார்க்க. பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தைகள். மொத்தம் 47 நாவல்கள். எல்லாம் ரத்தினங்களா என்றால், இல்லை. சிலவற்றில் எனக்குக் கொட்டாவியே வந்திருக்கிறது.

அவர் இறந்த மறு வருஷம், 1883-இல், சுயசரிதை வெளிவந்து இந்த ரகசியம் அம்பலமாயிற்று. இலக்கியத்தைக் கணக்குப்பிள்ளை போல் எழுதினாரா என்று விமரிசகர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. விடியுமுன் எழுப்பிக் காப்பி கொண்டுவர, குதிரைக்காரக் கிழவர் ஒருவருக்கு வருஷத்துக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்து வந்தாராம். தம் வெற்றிக்கு மற்ற எவரையும்விட அந்தக் கிழவருக்கே அதிகம் கடமைப்பட்டிருக்கலாம் என்கிறார் டிராலப். வால்த்தம் கிராஸ் வீட்டில் இருந்த அத்தனை வருஷங்களில் ஒரு நாளாவது அந்தக் காப்பி தாமதமானதில்லையாம்.