கண்டி நீர்த்தேக்கங்களில் தூண்டில் பயணம்: பெரிய படகு வாங்குமுன் அறியவேண்டியவை

யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ9 வீதி கண்டியில்தான் தொடங்குகிறது. 320 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இந்த வீதி மூடிக் கிடந்த காலத்தை வடக்கு மக்கள் மறக்கமாட்டார்கள். இன்று அதே வீதியால் படகுகளையும் லொறியில் ஏற்றிச் செல்ல முடிகிறது. கரையோரத்தில் தொழில் பழகிய இளைஞர் ஒருவர் கண்டிப் பக்கம் குடியேறி, சுற்றுலாப் பயணிகளைத் தூண்டில் மீன்பிடிக்கு அழைத்துச் செல்லலாம் என்று எண்ணுவது இயல்பு. வெளிநாட்டில் உள்ள அண்ணனோ மாமாவோ பணம் அனுப்பத் தயாராக இருப்பார். "சிறியது வேண்டாம், பெரிய படகாகவே எடு" என்றும் சொல்வார்.

அந்த இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும். நீர்த்தேக்கத்தில் பெரிய படகு என்பது பெரிய வருமானம் அல்ல. நீரும், அனுமதியும், ஏறுபவர்களின் எண்ணிக்கையும், எரிபொருள் கணக்கும் எந்த அளவுப் படகைத் தாங்குமோ, அந்த அளவுதான் சரியான படகு. இந்த நான்கையும் பார்க்காமல் வாங்கினால் படகு கரையில் கிடக்கும், கடன் வீட்டில் கிடக்கும்.

எந்த நீரில் ஓடப்போகிறது?

கண்டி நகரின் நடுவே உள்ள வாவி 1807-இல் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் அமைத்தது. அங்கு மீன்பிடிக்க இடமில்லை. மகாவலியை மறித்த பொல்கொல்ல அணை 1976-இல் இயங்கத் தொடங்கியது. நீர் திருப்பும் அந்த இடத்தில் படகுத் தொழிலுக்கு வாய்ப்புக் குறைவு. உண்மையில் பார்க்கவேண்டியவை கண்டிக்குக் கிழக்கே உள்ள விக்டோரியாவும் அதற்குக் கீழே உள்ள ரந்தெனிகலவும்தான்.

விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமானது, நாட்டிலேயே மிக உயர்ந்தது. 1985 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு சுமார் 722 மில்லியன் கன மீற்றர். 1986-இல் முடிந்த ரந்தெனிகல இன்னும் பெரியது, சுமார் 861 மில்லியன் கன மீற்றர் கொள்ளும். திலாப்பியாவும் கெண்டை வகைகளும் இந்த நீர்களில் உண்டு. தூண்டில்காரர்கள் ஆசையோடு தேடும் மகாசீர் மகாவலிக்கு உரிய மீன்.

ஆனால் இவை மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் கட்டப்பட்டவை. நீர் திறந்துவிடப்படும்போது மட்டம் பல மீற்றர் இறங்கும். விக்டோரியாவின் அடியில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கிக் கிடக்கிறது. கடும் வரட்சியில் அதன் இடிபாடுகள் வெளியே தெரியும். மட்டம் பாதியில் இருக்கும்போது அதே சுவர்களும் மரக்குற்றிகளும் நீருக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். வேகமாக ஓடும் கனத்த படகின் காற்றாடி அதில் மோதினால் பயணமும் போகும், இயந்திரமும் போகும். கடலில் ஆழமான 'வி' வடிவ அடிப்பாகம் அலையை வெட்டும் என்பதால் நல்லது. இங்கே அடி தட்டையானதும் நீரில் குறைவாக அமிழ்வதுமான படகே பாதுகாப்பு.

கரையையும் பாருங்கள். மட்டம் இறங்கினால் நேற்றுப் படகு கட்டிய இடத்திலிருந்து இன்று நீர் நூறு அடி தள்ளிப் போயிருக்கும், நடுவில் சேறு. நான்கு பேர் தூக்கி இழுக்கக்கூடிய படகா, இழுவை வண்டி இல்லாமல் அசையாத படகா என்பதை வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அனுமதி, பிறகு படகு

நீர்த்தேக்கங்கள் மகாவலி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தெம்பே பகுதி 1987-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் அங்கே சொல் உண்டு. உள்நாட்டு மீன்பிடி தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் (நக்டா) கீழ் வருகிறது. மீன்பிடிப் படகுப் பதிவும் அனுமதிப்பத்திரமும் 1996-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தோடு தொடர்புடையவை. பயணிகளை ஏற்றிப் பணம் வாங்குவது மீன்பிடியிலிருந்து வேறான தொழில். அதற்கும் தனியே கேட்க வேண்டும்.

உள்நாட்டு நீர்த்தேக்கங்களில் மீனவர் பெரும்பாலும் பயன்படுத்துவது இயந்திரம் இல்லாத, இருவர் செல்லும் பைபர் வள்ளம். அந்த நீரில் நீங்கள் இயந்திரம் பூட்டப் போகிறீர்கள் என்றால், எத்தனை குதிரைவலு வரை, எந்தப் பகுதியில், எந்த நேரத்தில் என்பதை எழுத்தில் பெறுங்கள். வாய்ச்சொல் போதாது. அதிகாரி மாற்றலாகிப் போனால் அவருடைய சொல்லும் அவரோடு போய்விடும். போர்க்காலத்தில் பாஸ் இல்லாமல் கடலில் இறங்க முடியாதிருந்த வடக்கு மீனவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஊர்ச் சூழலும் முக்கியம். 1990 முதல் 1994 வரை உள்நாட்டு மீன்பிடிக்கான அரச ஆதரவே நிறுத்தப்பட்டிருந்தது. உயிர்க்கொலைக்கு எதிரான பௌத்த உணர்வு அதற்குக் காரணமாக இருந்தது. விகாரைகளை அண்டிய கரைகளைத் தவிர்ப்பதும், போயா நாளில் பயணம் வைக்காமல் இருப்பதும், பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடுவதும் தொழில் நிலைக்க உதவும். அங்கே ஏற்கெனவே வலை போடும் மீனவர் சங்கத்தோடு பேசாமல் படகை இறக்கவே வேண்டாம். அவர்களுடைய வலைக்கு மேலால் உங்கள் படகு ஓடினால் ஒரே நாளில் பகை வந்துவிடும்.

எத்தனை அடி, எத்தனை பேர்?

இருபது அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்கக் கரையோரக் காவல் படை சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். 18 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள படகுக்கு 90 வகுத்தல் 15, அதாவது 6 பேர். இது அமைதியான நீரில் ஆகக் கூடிய எண்ணிக்கை. தூண்டில் வீசுபவர் எழுந்து நிற்பார், கையை வீசுவார், மீன் பிடிபட்டால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். ஆகவே குறைத்தே எண்ணுங்கள்: வழிகாட்டியோடு சேர்த்து நான்கு பேருக்கு மேல் வேண்டாம்.

தூண்டில் படகுக்கு நீளத்தைவிட அகலம் முக்கியம். ஒரே நீளமுள்ள இரண்டில் அகலமானது குறைவாக ஆடும். ஓரத்தில் ஒருவர் நிற்கும்போது மறுபக்கம் எவ்வளவு எழுகிறது என்று வாங்குமுன் நீரில் இறக்கியே சோதியுங்கள். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 வீதம் அடர்த்தியானது. எனவே கடலில் மிதந்த படகு அதே பாரத்தோடு நீர்த்தேக்கத்தில் சற்று ஆழமாக அமிழும்.

2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். ஆழமான நடுக்கடலில் அல்ல, ஊருக்குள் இருக்கும் நீரில். ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும். அதைப் படகில் வைத்தால் போதாது, உடம்பில் அணிவிக்க வேண்டும். நீந்தத் தெரியும் என்பவருக்கும் இதே விதிதான்.

இயந்திரமும் எரிபொருளும்

25 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம் சுமார் 50 முதல் 70 கிலோ வரை இருக்கும். முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 9 முதல் 10 லீற்றர் எரிபொருள் குடிக்கும். 40 குதிரைவலு என்றால் 15 லீற்றர். மீன் இருக்கும் இடத்துக்குப் போய்வர மட்டுமே வேகம் தேவை, மீதி நேரம் மெதுவாகத்தான் நகர்வீர்கள். அதற்காகப் பெரிய இயந்திரத்தின் பாரத்தை நாள் முழுதும் சுமப்பது வீண். விக்டோரியாவின் நிறைமட்டம் கடல் மட்டத்திலிருந்து 438 மீற்றர் உயரத்தில் உள்ளது. காற்று அடர்த்தி குறைவதால் இயந்திரத்தின் வலு ஏறத்தாழ 4 வீதம் குறையும். இது பெரிய இழப்பல்ல, ஆனால் மட்டுமட்டாக இயந்திரம் வாங்கியவருக்குத் தெரியும்.

மீனை நெருங்கியபின் சத்தமில்லாத மின்மோட்டார் பயன்படும். 100 அம்பியர்-மணி மின்கலத்தில் சிறிய மோட்டார் முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மணி நேரமே தாங்கும், மெதுவாக ஓட்டினால் பல மணி நேரம் வரும்.

எரிபொருள் விலையை இன்றைய விலையில் மட்டும் கணக்கிடாதீர்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் உயர்ந்தது. வடக்கில் எத்தனையோ படகுகள் கரையேறின. விலை ஒன்றரை மடங்கானாலும் தாங்குமா என்று பாருங்கள்.

போட்டிக்கு என்று வாங்கினால்

தூண்டில் போட்டிகளில் மீனை உயிரோடு நிறுத்து அல்லது அளந்து திரும்ப விடுவதே இன்று வெளிநாடுகளில் பரவலான முறை. அதற்கு நீர் சுழலும் உயிர்மீன் தொட்டி வேண்டும். நூறு லீற்றர் தொட்டி என்றால் நீர் மட்டுமே நூறு கிலோ, ஒரு பயணியைவிட அதிகம். வெயிலில் நிற்கும் தொட்டியில் மீன் விரைவில் மூச்சடைத்துச் செத்துவிடும். பயணிகளை அழைத்துச் செல்வதே முக்கிய வருமானம் என்றால், படகைப் போட்டிக்காக வடிவமைக்க வேண்டாம். அளக்கும் பலகையும் ஈர வலையும் போதும். கனடாவில் இயந்திரப் படகை ஓட்டும் எவரும் 2009 முதல் தகுதி அட்டை வைத்திருக்க வேண்டும். அங்குள்ள நம்மவர் அனுப்பும் பணத்தோடு அந்த ஒழுங்கையும் அனுப்பினால் நல்லது.

பழைய படகை எப்படிப் பார்ப்பது?

2004 சுனாமிக்குப் பின் படகுகள் கூட்டமாக வழங்கப்பட்டன. தரமற்ற படகுகள் குறித்து ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் அப்போதே எச்சரித்தது. கேட்காமல் வந்த படகு பொருந்தாது என்ற பாடம் நமக்கு உண்டு. பைபர் படகு கட்டும் அறிவும் நமக்குப் புதிதல்ல. 1956-இல் நோர்வே சென்ற அந்தோனி இராஜேந்திரம் தொடக்கிவைத்த சீ-நோர் திட்டம் காரைநகரில் படகு கட்டும் தளத்தை உருவாக்கியது.

பழைய படகின் உடலை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். இறுக்கமான ஒலி நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது. இயந்திரம் பூட்டும் பின்பலகையை உலுக்கிப் பாருங்கள். உள்ளே மரம் உக்கியிருந்தால் ஒரு நாள் இயந்திரமே கழன்று விழும். கடலில் ஓடிய இயந்திரத்தில் உப்பு அரிப்பு இருக்கும். ஓடவிட்டு, குளிர்விக்கும் நீர் தாரையாக வெளியே வருகிறதா என்று பாருங்கள். இயந்திர இலக்கமும் உரிமைப் பத்திரமும் ஒத்துப்போகாவிட்டால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

கடைசிக் கணக்கு

எடுத்துக்காட்டாக, படகும் இயந்திரமும் வண்டியும் சேர்ந்து 15 இலட்சம் என்று வைப்போம். எரிபொருளும் உதவியாள் கூலியும் போக ஒரு பயணத்தில் கையில் மிஞ்சுவது 7,500 ரூபா என்றால், போட்ட பணம் திரும்ப 200 பயணம் தேவை. வாரத்துக்கு இரண்டு பயணம் என்றால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். இதில் வட்டி இல்லை, திருத்தச் செலவு இல்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி மின்னல் வரும், அந்த நாட்களில் மதியத்துக்குள் கரைசேர வேண்டும். நீர் வற்றும் மாதங்களில் படகே இறக்க முடியாமல் போகலாம்.

ஆகவே முதல் ஆண்டு வாடகைப் படகிலோ இரண்டு விருந்தினர் ஏறும் சிறிய படகிலோ தொடங்குங்கள். எத்தனை பேர் வருகிறார்கள், எந்த மாதம் நீர் இருக்கிறது, எங்கே குற்றி இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். ஓராண்டு முடிய எத்தனை அடிப் படகு வேண்டும் என்பதை அந்தக் கொப்பியே சொல்லும். அம்மாவின் சங்கிலியை அடகு வைப்பதா இல்லையா என்பதை அதற்குப் பிறகு தீர்மானிக்கலாம்.