திருநெல்வேலித் திருச்சபையில் சுதேச குருமாரின் ஊதியம்: தற்சார்புக் கொள்கையும் அதன் சுமையும் (1851–1912)

ஆய்வுச் சுருக்கம்

திருச்சபை தன் குருமார்க்கு வழங்கும் ஊதியம் நீதியானதா என்னும் வினா, பெரும்பாலும் தொகையின் அளவை முன்வைத்தே எழுப்பப்படுகிறது. யார் தருகிறார்கள், யார் அளவை வகுக்கிறார்கள், பற்றாக்குறை நேரும்போது யார் தாங்குகிறார்கள் என்பனவும் அவ்வினாவின் பகுதிகளே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர்ச் மிஷனரி சங்கத்தைச் (சி.எம்.எஸ்.) சார்ந்த திருநெல்வேலிச் சபைகளில் சுதேச குருமாரின் ஊதியம் எக்கொள்கையின்படி வகுக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஊதியத்தைச் சபையின் கொடைத்திறனோடு பிணைத்த தற்சார்புக் கொள்கை சபைக்கு வலிமை சேர்த்தது. ஆயினும் அளவை வகுக்கும் இடத்தில் குருவானவருக்குப் போதிய குரல் இல்லாததால் அதன் சுமை அவர்மீது சாய்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: திருநெல்வேலித் திருச்சபை, சி.எம்.எஸ்., ஹென்றி வென், சபை நிதி, சேகரம், அசரியா.

முன்னுரை

குருமாரின் வாழ்வாதாரம் பற்றிய கிறிஸ்தவச் சிந்தனையில் தொடக்கம் முதலே இரு இழைகள் உள்ளன. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், நற்செய்திப் பணியாளர் அப்பணியாலேயே பிழைக்க உரிமையுடையவர் என்று பவுல் நிறுவுகிறார். அதே அதிகாரத்தில், அவ்வுரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்றும் கூறுகிறார். முன்னது உரிமை, பின்னது தன்விருப்பால் மேற்கொண்ட துறப்பு. ஒருவர் தாமாக ஏற்ற துறப்பைப் பிறர்மீது கடமையாகச் சுமத்தும்போதுதான் ஊதிய அநீதி தோன்றுகிறது. திருநெல்வேலியின் வரலாற்றை இவ்வேறுபாட்டின் வெளிச்சத்தில் காண இயலும்.

1. திட்டம் பிறந்த பின்னணி

1841 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலராக விளங்கிய ஹென்றி வென், இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். அத்திருச்சபையில் குருமாரின் வருவாய் பெரும்பாலும் தசமபாக வரியிலிருந்தும் கோயில் நிலத்திலிருந்தும் வந்தது. வருவாய் பதவியோடு ஒட்டியிருந்ததால், வளமான பதவிகள் சிலவற்றை ஒருவரே வைத்துக்கொண்டு, அங்குப் பணியாற்றத் துணைக்குரு ஒருவரைக் குறைந்த ஊதியத்தில் அமர்த்தும் வழக்கம் நிலவியது. ஏழைப் பதவிகளின் வருவாயைப் பெருக்க 1704இல் ஆன் அரசியின் கொடை நிதி தோன்றியது. பதவியாளர் உடனுறையாத இடங்களில் பணியாற்றும் துணைக்குருவுக்கு ஆண்டுக்கு 80 பவுண்டு என்பதை அடிப்படை அளவாக வைத்து, மக்கள்தொகைக்கேற்ப ஊதியத்தை உயர்த்தும் சட்டம் 1813இல் இயற்றப்பட்டது. நிலைத்த சொத்து இருந்தும் பங்கீடு நேராக அமையாமைக்கு இங்கிலாந்து சான்றாக நின்றது.

திருநெல்வேலியின் நிலை வேறு. இங்கு நிலைத்த சொத்தும் இல்லை. பிரிப்பதற்குத் தசமபாக வரியும் இல்லை. 1820இல் ரேனியஸ் வந்தபின் விரைந்து பெருகிய சபைகளை உபதேசியார்களே பெரும்பாலும் நடத்தினர். அவர்களுக்கான ஊதியம் மிஷனின் வழியாக வந்தது. தம் உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் வழங்குவது குறித்த முரண்பாடு, 1835இல் ரேனியஸ் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்று. சுதேசிகள் எண்ணிக்கையில் மிகுந்து குருப்பட்டம் பெறும் காலம் வந்தபோது, அவர்களுக்கு ஊதியம் தருவோர் யார் என்னும் வினாவைத் தள்ளிப்போட இயலவில்லை.

2. வென்னின் மூன்று குறிப்புகள்

1851, 1861, 1866 ஆகிய ஆண்டுகளில் வென் எழுதிய குறிப்புகள் இவ்வினாவுக்கு விடை தந்தன. மிஷனரி என்பவர் வேறு, சபையின் குருவானவர் வேறு. முன்னவர் ஒருநாள் விலகிச் செல்வார், பின்னவர் நிலைத்திருப்பார் என்பது அவற்றின் அடிப்படை. விசுவாசிகள் சிறு குழுக்களாகக் கூடித் தவறாது காணிக்கை செலுத்த வேண்டும். அக்காணிக்கை சபை நிதியில் சேர வேண்டும். பல ஊர்ச் சபைகள் இணைந்த சேகரத்தின் குருவானவர் அந்நிதியிலிருந்து ஊதியம் பெற வேண்டும். சங்கத்தின் உதவித்தொகை படிப்படியாகக் குறைந்து மறைய வேண்டும். திருநெல்வேலியில் 1860களின் பிற்பகுதி முதல் எட்வர்ட் சார்ஜென்ட் முதலியோரின் முயற்சியால் உருவான சபை மன்றங்களில், குருமாரும் சபையாரின் பிரதிநிதிகளும் சேர்ந்தமர்ந்து நிதியை ஆராயும் பழக்கம் வேரூன்றியது.

இத்திட்டத்தின் நீதியான கூறு ஒன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். குருவானவர் தம் ஊரின் செல்வரிடம் கைநீட்டி வாங்கவில்லை. பொது நிதியிலிருந்து பெற்றார். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவே மன்றம் நின்றது. காணிக்கையை நிறுத்திவிடுவதாகச் சொல்லி ஒருவர் பிரசங்க மேடையை அடக்குவதற்கான வாய்ப்பு இதனால் குறைந்தது. வறிய ஊரின் குருவானவரும் வளமான ஊரின் காணிக்கையில் பங்குபெற வழி பிறந்தது.

3. பனைநிலப் பொருளாதாரமும் மாத ஊதியமும்

திட்டம் காகிதத்தில் சீராக இருந்தது. அதைத் தாங்க வேண்டிய நிலம் அவ்வாறில்லை. தென் திருநெல்வேலியின் தேரிக்காட்டுச் சபைகளில் பெரும்பாலோர் பனைத்தொழிலை நம்பி வாழ்ந்தோர். பதநீர் இறங்கும் மாதங்களில் வருவாய் உண்டு. பருவம் முடிந்தால் கையிருப்பும் கடனுமே வாழ்வு. காணிக்கை காசாக மட்டுமன்றிப் பொருளாகவும் வந்தது. உலையிடும்போது ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென எடுத்துவைக்கும் பழக்கம், பெண்கள் தம் அடுப்படியிலிருந்தே சபையைத் தாங்கிய முறையாகும். ஆனால் குருவானவரின் செலவு மாதந்தோறும் வருவது. பருவத்தைச் சார்ந்த வரவும் மாதத்தைச் சார்ந்த செலவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

1876–78 பஞ்சம் இம்முரணைக் கூர்மையாக்கியது. அக்காலத்தில் ஏராளமான வறியோர் சபைகளை நாடி வந்தனர். குருமார் மிகுதியாகத் தேவைப்பட்ட அதே காலத்தில் கொடுக்கும் திறன் தாழ்ந்திருந்தது. ஊதியத்தைக் கொடைத்திறனோடு மட்டும் பிணைத்தால், பணி பெருகும்போது ஊதியம் சுருங்கும் நிலை நேரும் என்பதைப் பஞ்சம் காட்டிற்று.

4. இரு அளவுகோல்கள்

மிஷனரியின் ஊதியம் அவருடைய தாய்நாட்டுச் சங்கத்தால் அவருடைய தேவையைக் கருதி வகுக்கப்பட்டது. குடியிருப்பு, பிள்ளைகளின் கல்வி, விடுப்புப் பயணம் ஆகியன அக்கணக்கில் இடம்பெற்றன. சுதேச குருவானவரின் ஊதியமோ சபையால் எவ்வளவு இயலும் என்பதைக் கருதி வகுக்கப்பட்டது. ஒருவருக்குத் தேவை அளவுகோல். மற்றவருக்கு இயலுமை அளவுகோல். குருவானவரின் ஊதியம் மிஷனரியின் ஊதியத்தை ஒட்டி உயர்ந்தால் சபை ஒருநாளும் தன் காலில் நிற்காது என்பது வென் தரப்பின் வாதம். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அயல்நாட்டுப் பணத்தைச் சார்ந்த உயர் ஊதியம், குருவானவரைத் தம் மக்களிடமிருந்து பிரித்துவிடும் என்னும் அச்சமும் நியாயமானதே.

குறை, அளவை வகுத்த இடத்தில் இருந்தது. சிக்கனத்தின் எல்லையைச் சொன்னவர்கள் அச்சிக்கனத்தில் வாழவில்லை. மன்றங்களிலும் நெடுங்காலம் மிஷனரியின் தலைமையே நிலவியது. மேலும், குருவானவரின் மனைவி நடத்திய பெண்கள் கூட்டமும் நோயாளிகளைச் சென்று காணும் பணியும் பெரும்பாலும் எக்கணக்கிலும் ஏறவில்லை. ஒருவருக்கு அளிக்கும் ஊதியத்தில் இருவரின் உழைப்பைச் சபை பெற்றது.

5. அசரியாவின் விமர்சனமும் விடையும்

இச்சூழலில் வளர்ந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் கிராமக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அயல்நாட்டு ஊழியர்க்கும் சுதேச ஊழியர்க்கும் இடையிலான உறவைப் பற்றி உரையாற்றினார். ஊதியம் வழங்குபவர் எசமானராகவும் பெறுபவர் வேலையாளாகவும் நிற்கும் உறவில் இந்தியத் திருச்சபையின் தன்மதிப்பு வளராது என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம். அவர் கூடுதல் தொகை கேட்டு நிற்கவில்லை; உறவின் அமைப்பையே கேள்விக்குள்ளாக்கினார்.

அவர் முன்வைத்த விடை சொல்லளவில் நிற்கவில்லை. 1903இல் அவர் முன்னின்று தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம், தமிழ்ச் சபையாரின் காணிக்கையால் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பியது. 1909இல் அவரே அப்பணிக்குச் சென்றார். 1912இல் தோர்ணக்கலின் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தன் குருமாரின் ஊதியத்துக்கே போராடிய சபை, பிற நாட்டு ஊழியரையும் தாங்க முன்வந்தது. கொடுக்கும் மனம் சபையில் இருந்தது. கொடுத்ததை எவ்வாறு பங்கிடுவது என்று தீர்மானிக்கும் உரிமையும் தன் கையில் இருந்தபோது அது மலர்ந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• ஊதியத்தைப் பொது நிதியின் வழியே வழங்குதல், குருவானவரைத் தனிமனிதரின் தயவிலிருந்து காத்தது. தற்சார்புக் கொள்கையின் நிலைத்த பயன் இதுவே.

• சபையின் இயலுமையை மட்டும் அளவுகோலாக்கியது, பற்றாக்குறையைக் குருவானவரின் குடும்பத்திற்கு மாற்றியது. இயலுமையோடு தேவையையும் வைத்து அளந்திருந்தால், எளிய சேகரத்தின் குறையை எல்லாச் சேகரங்களும் சேர்ந்து ஏற்றிருக்கும்.

• சபையும் குருவானவரும் ஒரே மண்ணின் மக்களாக இருந்தும், அளவை வகுக்கும் அதிகாரம் வெளியிலிருந்தது. ஆகவே சிக்கனம் பகிர்ந்துகொண்ட வாழ்வாக அன்றிக் கட்டளையாக உணரப்பட்டது.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் அவ்வதிகாரம் திருமண்டலங்களின் கைக்கு வந்தது. ஆயினும் பெரிய நகரச் சேகரமும் சிறிய கிராமச் சேகரமும் ஒரே திருமண்டலத்தில் அடங்கியிருக்கும்வரை, வென்னின் காலத்து வினா தீரவில்லை. துறப்பைக் குருவானவர் தாமாகத் தேர்ந்துகொள்ளலாம். அதை அவர்மீது வரவுசெலவுத் திட்டத்தின் மூலம் எழுதிவைக்கும் உரிமை எச்சபைக்கும் இல்லை என்பதே இவ்வரலாறு உணர்த்துவது.