ஜான்சி ராணிப் படையின் மருத்துவப் பணி

ஜான்சி ராணிப் படை, இரண்டாம் உலகப் போரின்போது சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் இயங்கிய பெண்கள் பிரிவு. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ தெருவில் அதன் பயிற்சி முகாம் தொடங்கியது. துப்பாக்கி ஏந்திய பெண்களாகவே இவர்கள் புகைப்படங்களிலும் பாடநூல்களிலும் நிற்கிறார்கள். பர்மாவில் இவர்கள் பெரும்பாலும் செய்ததோ காயம்பட்டோருக்கும் நோயில் விழுந்தோருக்கும் பணிவிடை.

படைக்குத் தலைமை தாங்கிய லட்சுமி சுவாமிநாதன் (1914–2012) சென்னைக்காரர். 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். 1940-இல் சிங்கப்பூர் சென்று, இந்தியத் தொழிலாளர்களுக்காக மருத்துவமனை நடத்தினார். 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது காயம்பட்ட போர்க்கைதிகளுக்கு சிகிச்சை அளித்தார். படையில் சேரும் முன்பே போர்க்காயம் அவருக்குப் புதிதல்ல.

சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிலும் மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள் கணிசம். இவர்களின் பெற்றோரோ பாட்டன் பாட்டியோ கங்காணிகளின் பேச்சை நம்பி, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறியவர்கள். அன்றைய தென்னார்க்காடு மாவட்டம், மலாயாவுக்கு அதிகம் ஆள் அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. ஆக, இந்தப் பெண்களில் பலர் எந்த நாட்டின் விடுதலைக்காகப் புறப்பட்டார்களோ, அந்த நாட்டைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

எல்லோரையும் தேசப்பற்று மட்டுமே இழுத்து வந்தது என்று சொல்வது சரியாக இராது. தோட்டத்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் ஜப்பானியரின் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள், அரிசிக்குத் தட்டுப்பாடு. முகாமில் சோறும் பாதுகாப்பும் இருந்தன. வசதியான வீட்டுப் பெண்களின் கதை வேறு. கோலாலம்பூரில் போஸின் பேச்சைக் கேட்டுக் காதணிகளைக் கழற்றிக் கொடுத்த ஜானகி தேவருக்கு அப்போது வயது 18. தயங்கிய தந்தையைச் சம்மதிக்க வைக்க லட்சுமியே பேச வேண்டியிருந்தது. ஈப்போவில் பிறந்த இலங்கைத் தமிழரான ராசம்மா, தன் அக்காள் பொன்னம்மாவுடன் சேர்ந்தபோது வயது 16.

முகாமில் காக்கிச் சீருடை. பலர் நீண்ட கூந்தலை வெட்டிக்கொண்டார்கள். அணிவகுப்பு, நெடுநடை, துப்பாக்கிப் பயிற்சி, இந்துஸ்தானி வகுப்பு எல்லாம் நடந்தன. செவிலியர் பணிக்கெனத் தேர்ந்தவர்களின் பிரிவுக்கு, தக்காணத்து அரசி சாந்த் பீபியின் பெயர் வைக்கப்பட்டது.

1944-இல் படையின் ஒரு பகுதி ரங்கூனுக்கும், பிறகு மலைநகரமான மேமியோவுக்கும் சென்றது. ஜப்பானியரோடு சேர்ந்து இந்திய தேசிய ராணுவம் இந்திய எல்லைக்குள் இருந்த இம்பாலுக்குள் நுழைந்ததும் இவர்களைக் களத்தில் இறக்குவது திட்டம். இம்பால் விழவில்லை. ஜூலையில், கொட்டும் மழையில், பின்வாங்கல் தொடங்கியது. மலைப்பாதைகளில் இறங்கி வந்த சிப்பாய்களைக் குண்டைவிட அதிகம் வீழ்த்தியவை மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பட்டினி. மேமியோ மருத்துவமனையில் அந்தச் சிப்பாய்களை ஏற்றுக்கொண்டவர்கள் லட்சுமியும், சில மாதங்களுக்கு முன்வரை தோட்டத்திலும் பள்ளியிலும் இருந்த அந்தப் பெண்களும்தான். சண்டைக்கு அனுப்பவில்லையே என்ற குறை பலருக்கு இருந்தது. ஆனால் போர் என்பது என்ன என்பதை இந்தக் கட்டில்களுக்கு இடையில்தான் அவர்கள் கண்டார்கள். மருத்துவமனைகளும் குண்டுவீச்சுக்குத் தப்பவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலும் இந்தியப் பெண்கள் செவிலியராக இருந்தார்கள் என்பது இந்தப் போரின் ஒரு விசித்திரம்.

1945 ஏப்ரல் 24 அன்று போஸ் ரங்கூனை விட்டுக் கிளம்பினார். கூட வந்த பெண்கள் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரவுகளில் நடந்து பாங்காக்கை அடைந்தார்கள். ரயிலில் அனுப்பப்பட்ட மற்றொரு குழு வழியில் தாக்கப்பட்டு, ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் இறந்தனர்.

படையில் ஆயிரம் பேர் இருந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. எஞ்சியிருந்த உறுப்பினர்களைத் தேடிச் சென்று பேட்டி எடுத்த ஆய்வாளர் வேரா ஹில்டெபிராண்ட், 450-ஐத் தாண்டாது என்கிறார்.

ஜானகி போருக்குப் பின் இந்திய தேசிய காங்கிரஸின் மருத்துவக் குழுவில் பணியாற்றினார். 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 2000-இல் பத்மஸ்ரீ பெற்றார். ராசம்மா பூபாலன் மலேசியாவில் ஆசிரியராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் அறியப்பட்டார். படித்தவர்கள் பேட்டி கொடுத்தார்கள், நூல்களில் இடம்பெற்றார்கள். தோட்டத்துப் பெண்களில் பெரும்பாலோரின் பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை.

திருமணத்துக்குப் பின் லட்சுமி சேகல் ஆனவர், கான்பூரில் குடியேறி மருத்துவம் பார்த்தார். 1971-இல் வங்கதேச அகதிகளுக்கும், 1984-இல் போபால் விஷவாயுவில் பாதிக்கப்பட்டோருக்கும் சிகிச்சை அளிக்கப் போனார். 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாமை எதிர்த்து நின்று தோற்றார். தொண்ணூறைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்துவந்த அவர் 2012 ஜூலை 23 அன்று காலமானார். அவரது உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குத் தானமாக வழங்கப்பட்டது.