சமநிலைப் பயிற்சி

சமநிலைப் பயிற்சி என்பது நிற்கும்போதும் நடக்கும்போதும் உடல் தடுமாறாமல் காக்கும் திறனை வளர்க்கும் உடற்பயிற்சி வகை ஆகும். முதியோர் கீழே விழுவதைத் தடுப்பது இதன் முதன்மைப் பயன் ஆகும். உலக சுகாதார அமைப்பு 2021 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர். இவ்வாறு இறப்போரில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி.

அடிப்படை

கண்கள், உள்காது, தசைகளிலும் மூட்டுகளிலும் பாதங்களிலும் உள்ள உணர்வு நரம்புகள் ஆகிய மூன்றும் தரும் தகவல்களைக் கொண்டு மூளை உடலை நிலைநிறுத்துகிறது. முதுமையில் இவை மங்குவதோடு கால் தசைகளும் தளர்கின்றன. நீரிழிவு நோய் பாத உணர்வைக் குறைக்கக்கூடும். ஒருமுறை விழுந்தவர் அச்சத்தால் நடமாட்டத்தைக் குறைப்பதுண்டு. இதனால் தசைகள் மேலும் வலுவிழந்து, மீண்டும் விழும் வாய்ப்பு கூடுகிறது.

எளிய பயிற்சிகள்

சுவர் அல்லது அசையாத மேசையைப் பிடித்துக்கொண்டு இவற்றைச் செய்யலாம். எடை குறைந்த பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கக்கூடும் என்பதால் அதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

1. ஒற்றைக்கால் நிலை: ஒரு காலைச் சற்று உயர்த்திப் பத்து நொடிகள் நிற்றல், பின்னர் மறு கால்.
2. அடிமேல் அடி நடை: ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல்களைத் தொடுமாறு நேர்கோட்டில் நடத்தல்.
3. குதிகால் உயர்த்தல்: விரல்களை ஊன்றி மெல்ல உயர்ந்து இறங்குதல்.
4. அமர்ந்து எழுதல்: சுவரோடு சாய்த்து வைத்த உறுதியான நாற்காலியிலிருந்து, இயன்றவரை கைகளை ஊன்றாமல் எழுந்து மெல்ல அமர்தல்.

பழகப் பழகப் பிடிமானத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம்.

ஆய்வுகள்

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் இத்துறையில் புகழ்பெற்றது. கால் தசைப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, நடை ஆகிய மூன்றும் அதில் அடங்கும். 108 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மீளாய்வு (2019), உடற்பயிற்சி முதியோர் விழும் வீதத்தை ஏறத்தாழ 23 விழுக்காடு குறைப்பதாகக் கண்டது. சமநிலைப் பயிற்சிகளில் இப்பயன் தெளிவாகத் தெரிந்தது.

தமிழ்நாட்டில்

ஊத்தங்கரை வட்டம் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில் 2021 ஆகத்து 5 அன்று தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளுடன், தேவைப்படுவோருக்கு இயன்முறை மருத்துவமும் இதன்வழி வீட்டிலேயே அளிக்கப்படுகிறது.

எச்சரிக்கை

அண்மையில் விழுந்தவர்களும், தலைச்சுற்றல் உள்ளவர்களும் மருத்துவரின் அறிவுரை பெற்ற பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும். தொடக்கத்தில் ஒருவர் அருகில் இருப்பது நன்று. ஈரத்தரை, போதிய வெளிச்சமின்மை, தேய்ந்த செருப்பு ஆகியவற்றையும் சரிசெய்தல் இன்றியமையாதது.